கேள்வியை முதலில் எழுதுங்கள்: எபிஸ்டமிக் லாஜிக் பழக ஒரு வழி

எபிஸ்டமிக் லாஜிக் என்பது 'இவருக்கு இது தெரியும்', 'அவருக்கு அது தெரியாது' மாதிரியான வாக்கியங்களைக் கணக்குப் போல எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்று வருமா வராதா என்று பார்க்கும் தருக்கம். பின்லாந்தைச் சேர்ந்த யாக்கோ ஹின்டிக்கா 1962இல் 'அறிவும் நம்பிக்கையும்' என்ற புத்தகத்தை வெளியிட்ட பிறகுதான் இது தனித் துறையாக நிமிர்ந்தது. அவருடைய ஆசிரியர் கெயோர்க் ஹென்ரிக் ஃபான் ரைட் 1951லேயே இதற்கு அடிபோட்டு வைத்திருந்தார். இன்று தத்துவக்காரர்கள், கணினிக்காரர்கள், பொருளியல்காரர்கள், மொழியியல்காரர்கள் என எல்லோரும் இதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாக ஒரு குறியீட்டுப் பட்டியலையும் நான்கைந்து விதிகளையும் கொடுத்து, 'தெரியும்' என்பதை எந்த வாக்கியத்தின் தலையிலும் ஒட்டலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். கேள்வி என்கிற விஷயம் கடைசி அத்தியாயத்தில் வரும், அல்லது வரவே வராது. என் கட்சி வேறு. கேள்வியை எழுதாமல் 'தெரியும்' என்று எழுதவே கூடாது. யாருக்குத் தெரியும், எந்தக் கேள்விக்கு விடையாகத் தெரியும், எந்தெந்த வாய்ப்புகளைக் கணக்கில் எடுக்காமல் தெரியும் என்ற மூன்றும் தாளில் இல்லாவிட்டால், பின்னால் வரும் புதிர்களில் பாதி நாமே இழுத்துவிட்டுக்கொண்டதாகத்தான் இருக்கும்.

இதைப் பழக ஒரு தாள், ஒரு பென்சில், அப்புறம் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் வரும் கணம், உட்கணம், வெட்டு, சேர்ப்பு ஆகியவை போதும். ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவோம்.

படி 1: நிலைமைகளை வரி வரியாக எழுதுங்கள்

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் கரண்ட் போய்விட்டது. காரணம் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்: வீட்டுப் பியூஸ் போயிருக்கலாம், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறாக இருக்கலாம், இல்லை துணை மின்நிலையத்திலேயே பிரச்சினையாக இருக்கலாம். அதோடு, கரண்ட் ஒரு மணி நேரத்துக்குள் வரலாம், வராமலும் போகலாம். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு நிலைமைகள். தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

வரி 1: பியூஸ், சீக்கிரம் வரும்
வரி 2: பியூஸ், சீக்கிரம் வராது
வரி 3: டிரான்ஸ்ஃபார்மர், சீக்கிரம் வரும்
வரி 4: டிரான்ஸ்ஃபார்மர், சீக்கிரம் வராது
வரி 5: துணை மின்நிலையம், சீக்கிரம் வரும்
வரி 6: துணை மின்நிலையம், சீக்கிரம் வராது

இந்த வரிகளைத்தான் புத்தகங்கள் 'சாத்திய உலகங்கள்' என்று பெரிதாகச் சொல்கின்றன. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நமக்கு இருக்கும் தகவலை வைத்துக்கொண்டு நடந்திருக்கக்கூடிய விதம் ஒவ்வொன்றும் ஓர் உலகம், அவ்வளவுதான். இவற்றில் ஒரே ஒரு வரிதான் உண்மையில் நடந்தது. எது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் தாள் எடுத்தோம்.

படி 2: 'தெரியும்' என்பதைக் கழித்தல் கணக்காகப் பாருங்கள்

ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியும் என்றால், அவர் இன்னும் அடிக்காமல் வைத்திருக்கும் வரிகள் எல்லாவற்றிலும் அந்த விஷயம் உண்மையாக இருக்க வேண்டும். ஹின்டிக்காவின் வரையறையின் சாரம் இதுதான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தீர்கள், அடுத்த வீடு எதிர் வீடு எல்லாமே இருட்டு. வரி 1, 2 அடிபட்டன. மிச்சம் 3, 4, 5, 6. இந்த நான்கிலும் 'பியூஸ் போகவில்லை' என்பது உண்மை, ஆகவே அது உங்களுக்குத் தெரியும். 'சீக்கிரம் வரும்' என்பது 3லும் 5லும் மட்டுமே உண்மை, ஆகவே அது தெரியாது.

பாடப்புத்தகங்களில் இதற்கு 'கே' என்றொரு குறியீடு போட்டு, வரிகளுக்கிடையே ஒரு சமானத் தொடர்பு (வேறுபடுத்த முடியாத வரிகளை ஒரே குழுவாகச் சேர்ப்பது) வரைந்து, எஸ்5 என்று பெயரிட்ட விதித்தொகுப்பைக் கொடுப்பார்கள். அதில் 'எனக்குத் தெரியாது என்றால், தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்' என்ற விதியும் உண்டு. கணக்குக்கு வசதி, மனிதர்களுக்குப் பொருந்தாது. ஹின்டிக்காவே அதை ஏற்கவில்லை. ஆனால் பழகும் காலத்தில் எஸ்5ஐ வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படம் வரைய அதுதான் சுலபம், சந்தேகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: கேள்வியைக் கோடாகப் போடுங்கள்

இங்கேதான் முக்கியமான வேலை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹேம்பிளின் 1958இலேயே ஒரு யோசனை சொன்னார்: ஒரு கேள்வி புரிகிறது என்றால், அதற்கு எதெல்லாம் விடையாகும் என்று தெரிகிறது என்று பொருள், அந்த விடைகள் ஒன்றோடொன்று மோதாமல், எல்லா வாய்ப்புகளையும் மூடிவிட வேண்டும். 1984இல் ஆம்ஸ்டர்டாமில் யெரூன் க்ரோனென்டைக், மார்ட்டின் ஸ்டோக்ஹோஃப் இருவரும் தங்கள் முனைவர் பட்ட ஆய்வில் இதை முழுக் கோட்பாடாக ஆக்கினார்கள். சாத்திய வரிகளைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள்தான் கேள்வி. ஒரே விடை கிடைக்கும் வரிகள் ஒரே கட்டத்தில் இருக்கும்.

நம் தாளில் 'என்ன காரணம்?' என்ற கேள்வி மூன்று கட்டங்களைத் தரும்: 1 2 சேர்ந்து ஒன்று, 3 4 ஒன்று, 5 6 ஒன்று. 'ஒரு மணி நேரத்துக்குள் வருமா?' என்ற கேள்வி இரண்டு கட்டங்களைத் தரும்: 1 3 5 ஒரு பக்கம், 2 4 6 இன்னொரு பக்கம். 'நம்ம வீட்டுல மட்டுமா, தெருவுக்கே இல்லையா?' என்பது 1 2 ஒரு கட்டம், மற்ற நான்கும் ஒரு கட்டம். காரணத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்டால் ஆறு வரியும் ஆறு தனிக் கட்டங்கள். இப்படி ஆறு வரிகளை மொத்தம் 203 விதமாகப் பிரிக்கலாம் (கணக்கில் பெல் எண்கள் என்பார்கள்; மூன்று வரிகளுக்கு 5, நான்குக்கு 15, ஐந்துக்கு 52). ஆறே வரிக்கு 203 கேள்விகள், அவற்றில் கோடே இல்லாத வெற்றுக் கேள்வியும் ஒன்று. எதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய விடுதல் என்று இதிலேயே தெரியும்.

இரண்டு கேள்விகளை ஒப்பிடவும் இதே படம் உதவும். ஒரு கேள்வியின் ஒவ்வொரு கட்டமும் மற்றொன்றின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், முதல் கேள்வி நுணுக்கமானது, மற்றது பொதுப்படையானது. நுணுக்கமான கேள்விக்கு விடை கிடைத்தால் பொதுப்படையான கேள்விக்கும் விடை கிடைத்த மாதிரிதான். 'என்ன காரணம்?' என்பது 'நம்ம வீட்டுல மட்டுமா?' என்பதைவிட நுணுக்கமானது. 'வருமா வராதா' என்பதோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காது.

தமிழில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிப்பது நினைவிருக்கலாம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா, மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா; கேள்வி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், கோடுகளும் அதே கோடுகள்தான். கேட்பவருக்கு எத்தனை வரி மிச்சம் என்பதில்தான் வேறுபாடு. ஆசிரியரின் மிச்ச வரிகள் ஏற்கெனவே ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன, மாணவனுடையவை பல கட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. 'பாம்பா கயிறா?' என்ற ஐயவினாவில் கேட்பவரே கட்டங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஒரு கேள்வியை எழுதும்போது இந்த ஆறில் எது என்று பக்கத்தில் குறித்துவைப்பது நல்ல பழக்கம். நவீன தருக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் அறியாவினாவை மட்டுமே மனதில் வைத்துப் பேசுகின்றன, பரீட்சைக் கேள்வியையும் கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கா?' என்று கேட்பதையும் அவை அப்படியே தாண்டிப் போய்விடும்.

படி 4: கோடு வேறு, தாளின் ஓரம் வேறு

எது கேள்விக்குச் சம்பந்தமானது என்பதைப் பொருத்தம் என்பார்கள்; அந்த ஒரே வார்த்தையில் இரண்டு விஷயங்களை எல்லோரும் கலந்துவிடுகிறார்கள். எந்த வரிகளைத் தாளில் எழுதுவதே தேவை என்பது ஒன்று. எழுதிய வரிகளுக்குள் எந்த வேறுபாடு நமக்கு முக்கியம் என்பது மற்றொன்று. முதலாவது தாளின் ஓரம், இரண்டாவது கோடு.

ஓரத்தைப் பற்றிய விவாதத்தில் அதிகம் பேசப்படும் உதாரணம் அமெரிக்கத் தத்துவவாதி ஃப்ரெட் ட்ரெட்ஸ்கி 1970இல் எழுதியது. மிருகக்காட்சி சாலைக்குப் போகிறீர்கள், வரிக்குதிரைக் கூண்டு என்று எழுதியிருக்கிறது, உள்ளே வரிக்குதிரை. அது வரிக்குதிரை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். வரிக்குதிரை என்றால் அது வரி வரியாகப் பெயின்ட் அடித்த கோவேறு கழுதை இல்லை. அப்படியானால், 'இது பெயின்ட் அடித்த கோவேறு கழுதை இல்லை' என்றும் உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அதைச் சோதிக்கவே இல்லையே! தெரிந்த ஒன்றிலிருந்து வருவதெல்லாம் தெரிந்ததுதான் என்கிற அடைவுப் பண்பு இங்கே செல்லாது என்றார் ட்ரெட்ஸ்கி. 'இந்தக் கூண்டில் என்ன மிருகம்?' என்ற கேள்விக்கான தாளில் வரிக்குதிரை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி இருந்தன, பெயின்ட் அடித்த கழுதை இல்லை. இல்லாத வரியை அடிக்கவும் முடியாது, அடித்தேன் என்று பெருமைப்படவும் முடியாது.

டேவிட் லூயிஸ் 1996இல் இதற்கு வேறு பதில் சொன்னார். ஒரே தாளுக்குள் அடைவுப் பண்பு செல்லும், ஆனால் யாராவது 'கழுதையாக இருந்தால்?' என்று கேட்ட நொடியில் தாளே மாறிவிடுகிறது, கவனத்துக்கு வந்துவிட்ட வாய்ப்பை அதற்குப் பிறகு ஒதுக்க முடியாது. எனக்கு லூயிஸ் பக்கம்தான் சாய்வு, காரணம் ரொம்பச் சாதாரணமானது: கணக்குப் போட அதுவே வசதி. ஆனால் அவர் வைத்த இன்னொரு விதியைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்: உண்மையில் நடந்திருப்பதை ஓரத்துக்கு வெளியே தள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது. நம் உதாரணத்தில், பில் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று ஒரு வரியை நான் எழுதவே இல்லை. அதுதான் உண்மை என்றால் தாளில் உள்ள ஆறு வரியும் வீண். அதனால் வரிகளை எழுதியதும் ஒரு நிமிஷம் நின்று, எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று ஓரத்தில் கிறுக்கிவையுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி ஜானதன் ஷாஃபரின் 2005 கட்டுரையில் இருக்கிறது. 'தெரியும்' என்பது ஆள், விஷயம் என்ற இரண்டை மட்டும் இணைக்கும் உறவு இல்லை. ஆள், விஷயம், மாற்று என்று மூன்றை இணைப்பது. பாம்பா கயிறா என்ற இருட்டுக்கே போவோம். காலால் தட்டிப் பார்த்தீர்கள், அசையவில்லை. பாம்பு இல்லை, கயிறுதான் என்று தெரியும். கேபிள் ஒயர் இல்லை, கயிறுதான் என்று தெரியுமா? தட்டிப் பார்த்ததில் அது தெரிய வழியில்லை. 'கயிறு என்று தெரியுமா தெரியாதா, ஒரே பதிலாகச் சொல்' என்று யாராவது மடக்கினால், எதற்கு எதிராக என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 5: செய்தி வரும்போது என்ன நடக்கிறது

இனி மறுபடி கரண்ட் இல்லாத வீடு. அக்காவும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பிக்கு நாளைக்குப் பரீட்சை, அவனுக்கு வேண்டியது ஒரே விஷயம்: ஒரு மணி நேரத்துக்குள் வருமா வராதா. அக்காவுக்குக் காரணமும் வேண்டும், நேரமும் வேண்டும். ஆக அக்காவின் தாளில் ஆறு கட்டங்கள், தம்பியின் தாளில் இரண்டே.

மூன்று செய்திகள் வரிசையாக வருகின்றன, இருவர் காதிலும் விழுகின்றன. ஒன்று, எல்லா வீடும் இருட்டு. இரண்டு, எதிர் வீட்டு மாமா சொல்கிறார்: 'சப்-ஸ்டேஷன்னா ஒரு மணி நேரத்துல வந்துரும், டிரான்ஸ்ஃபார்மர்னா லேட்டாகும்.' மூன்று, லைன்மேன் வந்து 'டிரான்ஸ்ஃபார்மர்தான்' என்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அக்காவின் தாளில் முதல் செய்தி 1, 2ஐ அடிக்கிறது. இரண்டாவது செய்தி 3ஐயும் 6ஐயும் அடிக்கிறது (டிரான்ஸ்ஃபார்மராக இருந்து சீக்கிரம் வருவது, சப்-ஸ்டேஷனாக இருந்து வராமல் போவது). மூன்றாவது 5ஐ அடிக்கிறது. மிச்சம் வரி 4. கரண்ட் சீக்கிரம் வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

தம்பியின் தாளுக்கு ஒரு கறாரான விதி போடுவோம். அவனுக்குத் தன் கேள்விக்குத் தேவையான வேறுபாடு மட்டுமே கண்ணில் படும். ஆகவே ஒரு கட்டத்தில் ஒரு வரியாவது மிஞ்சினால் அந்தக் கட்டம் முழுவதும் மிஞ்சியதாகவே அவன் தாளில் இருக்கும். முதல் செய்தி: 'வரும்' கட்டத்தில் 3, 5 மிஞ்சுகின்றன, 'வராது' கட்டத்தில் 4, 6 மிஞ்சுகின்றன, இரண்டு கட்டமும் உயிரோடு இருக்கின்றன, அவன் தாளில் மாற்றமே இல்லை. இரண்டாவது செய்தி 3ஐயும் 6ஐயும் அடித்தாலும் இரண்டு கட்டத்திலும் வேறு வரிகள் இருக்கின்றன, மாற்றம் இல்லை. மூன்றாவது செய்தி 3, 4 தவிர மற்றதை அடிக்கிறது, 3 ஒரு கட்டத்தில், 4 மற்றதில். மறுபடியும் மாற்றம் இல்லை.

'அக்கா, கரண்ட் வருமா வராதா?'

'உன் முன்னாடிதானடா எல்லாம் சொன்னாங்க!'

இந்தச் சண்டையில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைக் கணக்கோடு காட்ட முடிகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம். மூன்று செய்திகளும் சேர்ந்தால் தம்பியின் கேள்விக்கு முழு விடை இருக்கிறது. தனித்தனியாக எதுவுமே அவன் கேள்வியைத் தொடவில்லை, அதனால் ஒவ்வொன்றும் வந்த வழியே போய்விட்டது. தருக்கப் பாடப்புத்தகத்துத் தம்பி கேட்டதை எல்லாம் சேர்த்துவைத்து எல்லா முடிவுகளையும் ஒரே நொடியில் எடுத்துவிடுவான். வீட்டுத் தம்பி அப்படி இல்லை. நிஜ மனிதர்கள் இந்தக் கறாரான விதிக்கும் அந்தச் சர்வஞானிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள், தேவையில்லாததும் கொஞ்சம் நினைவில் தங்கத்தான் செய்கிறது. ஆனாலும் இரண்டு எல்லைகளையும் தாளில் போட்டுப் பார்த்தால்தான் நடுவில் இருப்பது எங்கே என்று பேச முடியும்.

இதை நீங்களே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். செய்திகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள், அக்காவின் முடிவு மாறாது, தம்பியின் தாளும் மாறாது. பிறகு தம்பியின் கேள்வியில் 'டிரான்ஸ்ஃபார்மரா இல்லையா?' என்பதை மட்டும் சேர்த்துவிட்டு மீண்டும் போடுங்கள். கட்டங்கள் நான்காகும்: 3 தனியாக, 4 தனியாக, 1 5 ஒன்றாக, 2 6 ஒன்றாக. இரண்டாவது செய்தி இப்போது 3ஐத் தனிக் கட்டமாக அடித்துவிடும். மூன்றாவது செய்தி வந்ததும் 4 மட்டும் மிஞ்சும். ஒரே ஒரு துணைக்கேள்வி அவனைக் காப்பாற்றிவிட்டது, சப்-ஸ்டேஷனைப் பற்றி அவன் கவலைப்படவே தேவைப்படவில்லை.

படி 6: ஒரு கேள்வி இன்னொரு கேள்விக்கு விடை கொண்டுவரும்

எல்லா வீடும் இருட்டு, எதிர் வீட்டு மாமாவும் சொல்லிவிட்டார், லைன்மேன் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் அக்காவின் தாளில் 4, 5 மட்டும் இருந்தன. காரணம் தெரியாது, நேரமும் தெரியாது. ஆனால் காரணம் தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும் என்ற நிலை வந்துவிட்டது. 'தெரியும்' என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் மாமாவின் வார்த்தையால் பெரிய லாபம் இல்லை, அவர் சொல்வதற்கு முன்பும் அக்காவுக்கு இரண்டு கேள்விக்குமே விடை தெரியாது, சொன்ன பின்பும் தெரியாது. கேள்விகளைத் தாளில் வைத்திருந்தால்தான் லாபம் கண்ணுக்குப் படும்: ஒரு கேள்வி இன்னொன்றைச் சார்ந்து நிற்கத் தொடங்கிவிட்டது. இவானோ சியார்டெல்லி, யெரூன் க்ரோனென்டைக், ஃப்ளோரிஸ் ருலோஃப்சன் வளர்த்தெடுத்த இன்குவிசிட்டிவ் செமான்டிக்ஸ் என்ற கோட்பாடு இந்தச் சார்பை வாக்கியங்களுக்கு இடையிலான விளைவைப் போலவே கேள்விகளுக்கு இடையிலான விளைவாக எழுதுகிறது.

கேட்பது என்பதையே ஒரு செயலாக எழுத விரும்பினால், யோஹான் ஃபான் பெந்தெமும் ஷ்டெஃபான் மினிகாவும் 2012இல் கொடுத்த அமைப்பு புதியவர்களுக்கு எளிது. வரிகளுக்கிடையே இரண்டு விதமான இணைப்புகள்: எனக்கு வேறுபடுத்தத் தெரியாதவை ஒன்று, என் கேள்விக்குள் ஒரே கட்டத்தில் இருப்பவை மற்றொன்று. செய்தி வந்தால் முதல் இணைப்பை வெட்டுங்கள். கேள்வி கேட்டால் இரண்டாவதை வெட்டுங்கள். கேள்விக்கு விடை கிடைத்தால், இரண்டு இணைப்புகளின் வெட்டுக் கணத்தை எடுத்து அதை முதலாவதற்குப் பதிலாக வையுங்கள். இந்த மூன்று செயல்களையும் வேறு வேறு நிறத்தில் போட்டுப் பழகினால் பெரும்பாலான கட்டுரைகளின் படங்கள் புரிய ஆரம்பித்துவிடும்.

எங்கெல்லாம் இது கைவிடும்

கட்டங்களாகப் பிரிப்பது எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. 'இங்கே பக்கத்தில் எங்கே மெழுகுவத்தி கிடைக்கும்?' என்று கேட்பவருக்கு ஒரு கடை தெரிந்தால் போதும், ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் பட்டியலும் வேண்டாம். இரண்டு கடையிலும் மெழுகுவத்தி கிடைக்கும் என்ற வரி இரண்டு விடைக்கும் சொந்தம், ஆக கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இன்குவிசிட்டிவ் செமான்டிக்ஸ் இதையும் சமாளிக்கும், ஆனால் முதல் நாளே அங்கே போக வேண்டாம்.

ஒன்று தெரிந்தால் அதிலிருந்து வருவதெல்லாம் தெரியும் என்று ஆகிவிடும் சர்வஞானிச் சிக்கலும் முழுக்கத் தீராது. கேள்வியோடு கட்டிவைத்த அறிவில், 'டிரான்ஸ்ஃபார்மர்' என்று தெரிந்தவருக்கு 'டிரான்ஸ்ஃபார்மர் அல்லது நாளைக்கு மழை' என்பது தானாகத் தெரிந்ததாக ஆகாது, மழை அவர் தாளிலேயே இல்லை. இது நல்ல முன்னேற்றம். ஆனால் எல்லா வரியிலும் ஒரேபோல உண்மையாக இருக்கும் இரண்டு வாக்கியங்களை இந்தக் கோடுகளால் பிரிக்கவே முடியாது. இரண்டும் இரண்டும் நான்கு என்பதும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றமும் எல்லா உலகத்திலும் உண்மை. முதலாவது குழந்தைக்குத் தெரியும், இரண்டாவதன் நிரூபணம் ஆண்ட்ரூ வைல்ஸ் கையால் 1995இல்தான் அச்சேறியது. வரிகளை மட்டும் பார்க்கும் எந்தப் படத்துக்கும் இவை இரண்டும் ஒன்றே. ஃப்ரான்செஸ்கோ பெர்டோ போன்றவர்கள் வாக்கியத்தின் பேசுபொருளைத் தனியாகக் கணக்கில் எடுப்பது இதனால்தான்.

படி 7: ஒன்றுக்கு மேற்பட்டவர்கள்

கூட்டாக ஒரு குழுவுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், பழைய பாடம் சொல்வது இது: ஒவ்வொருவரின் மிச்ச வரிகளையும் எடுத்து வெட்டுக் கணம் போடுங்கள், அதில் எது எங்கும் உண்மையோ அது குழுவின் பகிர்ந்த அறிவு. எல்லோரும் மனம்விட்டுப் பேசிவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வரும். அலெக்சாண்ட்ரு பால்டாக், ரேச்சல் பாடி, சோன்யா ஸ்மெட்ஸ் மூவரும் 2018இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆளாளுக்குக் கேள்விகள் வேறு என்றால், பகிர்ந்துகொண்டதை எல்லாம் எல்லோரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழு உண்மையில் எட்டக்கூடிய அறிவு அந்த வெட்டுக் கணம் காட்டுவதைவிடக் குறைந்துபோகலாம்.

இதைப் போன்ற ஓர் இழப்பை நம் தாளிலேயே காட்டலாம். அக்கா ஊரில் இல்லை, வீட்டில் அம்மாவும் தம்பியும் மட்டும். அம்மாவின் கேள்வி காரணம் (1 2, 3 4, 5 6), தம்பியின் கேள்வி நேரம் (1 3 5, 2 4 6). எதிர் வீட்டு மாமா சொன்ன செய்தி 3ஐயும் 6ஐயும் மட்டுமே அடிக்கும். அம்மாவின் கட்டங்களைப் பாருங்கள்: 3 போனாலும் 4 இருக்கிறது, 6 போனாலும் 5 இருக்கிறது. ஒரு கட்டமும் சாகவில்லை, அந்தச் செய்தி அம்மா தாளில் பதியாது. தம்பி தாளில் பதியாது என்று ஏற்கெனவே பார்த்தோம். ஆக, காரணத்தையும் நேரத்தையும் இணைக்கும் அந்த ஒரு செய்திக்கு இந்த வீட்டில் இடமே இல்லை. லைன்மேன் வந்து சொன்ன பிறகு அம்மாவுக்குக் காரணம் தெரியும். அதைத் தம்பியிடம் சொல்லவும் செய்வார். அப்படியும் நேரம் யாருக்கும் தெரியாது, இருவரின் மிச்ச வரிகளை வெட்டினாலும் 3, 4 இரண்டும் நிற்கும். இரண்டு துறைகள் ஆளுக்கொரு கேள்வியோடு வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் இதைப் பார்க்கலாம். இணைப்புச் செய்தி மின்னஞ்சலில் எல்லோருக்கும் போயிருக்கும், யார் கையிலும் இருக்காது.

இதற்குத் தகவலை இன்னொருமுறை உரக்கச் சொல்வது பயன்படாது, தம்பி மூன்று முறை கேட்டாலும் தாள் அதே தாள்தான். யாராவது ஒருவர் அடுத்தவரின் கேள்வியைத் தன் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். அம்மா நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஆறு கட்டம் ஆகிவிடும், கணக்கு அக்காவுடையதாகவே மாறிவிடும். ஆனால் கேள்வியை வரைந்தது மாமா பேசியதற்கு முன்பா பின்பா என்பதைக் கவனியுங்கள். பின்பு என்றால் அந்தச் செய்தி ஏற்கெனவே போய்விட்டது, எதிர் வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டுவிட்டு வர வேண்டும்.

இங்கே வரை கையால் போட்டுப் பார்த்தவர்கள் அடுத்ததாக ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தின் இணையப் பதிப்பில் எபிஸ்டமிக் லாஜிக் பற்றியும் கேள்விகள் பற்றியும் உள்ள இரண்டு பதிவுகளையும் படிக்கலாம், இலவசம். லூயிஸின் 1996 கட்டுரை அதற்கு அப்புறம், அது வாசிக்கச் சுவையானது, குறியீடும் அதில் அதிகம் இல்லை. ஃபான் பெந்தெம், மினிகா கட்டுரைக்குப் போகும்போது இந்த ஆறு வரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரையறையையும் அதில் ஓட்டிப் பாருங்கள்; எந்த வரையறையாவது ஓட மறுத்தால் பெரும்பாலும் நீங்கள் ஓரத்தையும் கோட்டையும் மாற்றிப் போட்டிருப்பீர்கள்.